வெயிலில் குளிர்ந்தவன்

அன்று வரைபட அறையில் இருந்தவர்கள்:

பேரிடர் தாசில்தார் புருஷோத்தமன்.
மீன்வள ஆய்வாளர் நெய்னா முகமது.
மேலைக்குப்பத்தின் ஊர்த்தலைவர், நாட்டார் வைரக்கண்ணு.
திரைக்கு முன்னால் உட்கார்ந்து புள்ளிகளைப் பார்க்கும் சகாயராணி.
நாற்காலி கொடுத்தும் உட்காராமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற நிரோஷா.
நிரோஷாவின் கணவன் தேசிங்கு. அவன் சுவரில் இருந்தான், சிவப்புப் புள்ளியாக.

சுவரை அடைத்த திரையில் நாகப்பட்டினம் மாவட்டமும் அதை ஒட்டிய கடலும் விரிந்து கிடந்தன. அந்த வரைபடத்துக்குக் கரைநோக்கி என்று பெயர். யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் திறந்து பார்க்கலாம். தொழிலுக்குப் போகும் ஒவ்வொருவன் மணிக்கட்டிலும் அரசாங்கம் ஒரு காப்பு மாட்டியிருந்தது. காப்பு வானத்துக்குச் சொல்லும். வானம் காப்பு செய்த கம்பெனிக்குச் சொல்லும். கம்பெனி அதைத் தன் தரவு ஓடையில் விடும். ஐந்து கம்பெனிகளின் ஐந்து ஓடைகளும் வந்து கரைநோக்கியில் விழும். ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. சும்மா இருந்தால் வெள்ளை. ஆபத்து என்று ஆள் பொத்தானை அழுத்தினால் சிவப்பு. புள்ளியைத் தொட்டால் பெயரும், தோலில் இருக்கும் சூடும் தெரியும். புயல் வந்தால் மீனவர் வீட்டில் யாரும் கடலைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள்.

முந்தின நாள் காலையில் துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், தேசிங்கின் சிவப்பு எரிந்தது.

பதினேழு படகு போனது. கடல் சோற்றுத் தட்டு மாதிரி கிடந்தது. காற்று இல்லை, அலை இல்லை, கவிழ்ந்த படகு இல்லை. புள்ளியின் மேலேயே படகை நிறுத்தி, கைப்பேசியில் சிவப்பு தங்கள் காலடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பையன்கள் குதித்தார்கள். வைரக்கண்ணுவே குதித்தார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

"அடிவரைக்கும் போயிட்டு வந்தேனுங்க," என்று அவர் இப்போது மூன்றாவது முறையாகத் தாசில்தாரிடம் சொன்னார். "சேறுதான். மேல வந்து போனைப் பாக்கிறேன், புள்ளி என் படகுக்குள்ள நிக்குது. படகுல நான் மட்டுந்தான் இருக்கேன்."

அப்போதிருந்து மேலைக்குப்பத்தில் ஒரு படகும் நகரவில்லை. கடலில் ஒருவன் போனால் உடல் கரைக்கு வரும்வரை ஊரில் யாரும் வலை எடுப்பதில்லை. இது பஞ்சாயத்தார் எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுதிவைக்கத் தேவையில்லாத சட்டம்.

உடல் வரவில்லை. புள்ளி வந்தது. மறுநாள் விடிந்தபோது அது மணலில் ஏறியிருந்தது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டியது. பிறகு ஊருக்குள் நுழைந்தது. தெருவழியாகப் போகவில்லை. நேர் மேற்கே போனது. வீடு வந்தால் வீட்டுக்குள், சுவர் வந்தால் சுவருக்குள், குளம் வந்தால் குளத்துக்குள். நடக்கிறவனைவிட மெதுவாக, தவழ்கிறவன் போல. வெளியே ஆவணி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. தேசிங்கின் தோல் பதினோரு டிகிரியில் இருந்தது.

"இந்த வெயில்ல பொணம்கூட இவ்வளவு குளிராது சார்," என்றார் நெய்னா முகமது. அவர் நாகூர்க்காரர். எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவர். அன்று அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் தாசில்தாருக்குத் தலைவலி. வெளிப்பாளையத்தில் ஒரு பெண், புள்ளி தன் சமையலறை வழியாகப் போனபோது ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிட்டதாகச் சொல்லி அழுத வீடியோவை மதியத்துக்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். புள்ளி போகும் திசையைக் கணக்குப் போட்டு, முன்னால் இருக்கிற தெருக்காரர்கள் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். எலுமிச்சம்பழம் விலை ஏறியது. சிக்கல் போகும் மினி பஸ்ஸின் ஓட்டுநர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, இதற்கு மேல் நடந்து போங்கள் என்றார்.

நிரோஷாவுக்குப் பயம் இல்லை. கோபம் இருந்தது.

"நாலு மாசத்துக்கு முன்னாடி குஜராத் பக்கம் கப்பல்ல வேலைன்னு சொல்லிட்டுப் போனவன். எப்ப ஊருக்கு வந்தான்? வந்தவன் வீட்டுக்கு வராம யார் வீட்டு அடுப்படியில பூந்து பூந்து போறான்?"

"நீ கொஞ்சம் வாய அடக்கு புள்ள," என்றார் வைரக்கண்ணு. "போனவனப் பேசாத."

"போனான்னு யார் சொன்னது பெரியப்பா? நீங்க கண்டீங்களா?"

"பதினோரு டிகிரிம்மா..." என்று இழுத்தார் வைரக்கண்ணு.

"செத்தான்னா பொணத்தக் காட்டுங்க, அழறேன். இருக்கான்னா ஆளக் காட்டுங்க, செருப்பால அடிக்கிறேன். ரெண்டும் இல்லாம செவுத்துல ஒரு பொட்ட வச்சுக் காட்டுனா நான் என்ன பண்றது?"



சகாயராணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவள். படித்து முடித்தவர்கள் யாரும் இந்த வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை, அதனால் அவளே தங்கிவிட்டாள். ஐந்து ஓடைகளில் ஒன்றும் மற்றதைப்போல் இருக்காது. ஒன்று நேரத்தை ஒருமாதிரி எழுதும், இன்னொன்று பெயரை இரண்டாக உடைக்கும். அவற்றையெல்லாம் அடித்துத் திருத்தி ஒரே பாத்தியில் பாய விட்டவள் அவள்தான். அவள் புள்ளிகளை நம்பினாள். அந்த அறையில் இருந்தவர்களில் பேயை நம்பாத ஆள் அவள் மட்டும்தான். அன்று அதற்காக அவளுக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. பேய் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பேய் இல்லை என்றால் அது என்ன என்று சொல்ல வேண்டும்.

சிக்கல் கிராமத்தை நெருங்கியதும் புள்ளி திரும்பியது. தெற்கே ஓட ஆரம்பித்தது.

நடை இல்லை, ஓட்டம். தவழ்ந்து வந்தவன் திடீரென்று சைக்கிள் ஏறியது போல. வயல், வாய்க்கால், வரப்பு எதையும் பார்க்காமல் தெற்கே பறந்தது. கொஞ்சம் போய் நின்றது. மேற்கே மெல்ல நகர்ந்தது. மறுபடி தெற்கே பறந்தது. தாசில்தார் ஏட்டு கலியமூர்த்தியை மோட்டார் சைக்கிளில் அனுப்பியிருந்தார். ஏட்டின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"ஐயா, நான் இப்ப வாய்க்கால் மதகுகிட்ட நிக்கறேன். எங்க இருக்கு?"

"உங்களுக்கு வடக்க, இருநூறு மீட்டர். உங்களப் பாத்துத்தான் வருது," என்றாள் சகாயராணி.

"இங்க ஒண்ணும் இல்லையேம்மா. ஒரு மாடு நிக்குது."

"மாட்டத் தாண்டிருச்சு."

"இப்ப?"

"இப்ப உங்க மேல இருக்கு."

ஒலிபெருக்கியில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கலியமூர்த்தி?"

"தாண்டிருச்சாம்மா?"

"தாண்டிருச்சு."

"ஐயாகிட்ட சொல்லுங்க. எனக்கு மெடிக்கல் லீவு வேணும்."

நெய்னா முகமது இதற்குச் சிரித்தார். சகாயராணி சிரிக்கவில்லை. "கிழக்கு மேற்குல போனா நடக்கறான். வடக்கு தெற்குல போனா பறக்கறான். ஏன் சார் அப்படி?" என்றாள்.

"பேய்க்கு ஏது திசை?" என்றார் வைரக்கண்ணு.

"திசைதான் இருக்குங்கறேன். அதான் இடிக்குது."

அவள் சொன்னதைத் தாசில்தார் காதில் வாங்கவில்லை. அவர் வேறொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி தெற்கே போகிறது. தெற்கே வேளாங்கண்ணி. மறுநாள் மாலை கொடியேற்றம். காவி உடுத்து நடந்துவரும் கூட்டம் சாலை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் கையிலும் கைப்பேசி. பிணம் ஒன்று சைக்கிள் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்று ஒருவன் கத்தினால் போதும், மிதிபட்டே நூறு பேர் போவார்கள். மேலிடத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது புருஷோத்தமன் எழுந்து நின்று பேசினார்.

பிறகுதான் புள்ளி நின்றது. ஓடின வழியிலேயே கொஞ்சம் திரும்பி வந்து, ஆழியூருக்கு மேற்கே ஒரு குறுவை வயலில் போய் நின்றது. நகரவில்லை.

நிரோஷா அதைப் பார்த்த உடனே கிளம்பிவிட்டாள். அவள் கொழுந்தன் வாசலில் பைக்கோடு நின்றான்.

"நில்லும்மா, போலீஸ் போவட்டும்," என்றார் தாசில்தார்.

"போலீஸ்தான் லீவு கேட்டுட்டாரே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு புள்ளியில் ஒரு மாற்றம் வந்தது. பதினோரு டிகிரி பன்னிரண்டானது. பதினான்கானது. சகாயராணி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு நாளைக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்த எண் இப்போது ஏறியது. பதினேழு. இருபது. இருபத்திரண்டு.

"சூடாவுது சார்."

புருஷோத்தமன் வந்து திரையின் அருகில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அந்த இரண்டு நாளில் முதன்முறையாக, அவர் முகம் தெளிந்தது.

"புரியலையா சகாயம்? காப்பு கழண்டு விழுந்திருச்சு. நகராம கிடக்குது, வெயில்ல சூடேறுது. கையில ஆள் இல்ல. எவனோ எடுத்துட்டுத் திரிஞ்சிருக்கான், நாயோ நரியோ, எதுவோ. வயல்ல போட்டுட்டுப் போயிருச்சு. வெறும் காப்பு."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. பேயைவிடச் சரியாக இருந்தது.

"அப்ப தேசிங்கு?" என்றாள் சகாயராணி.

"கடல்ல தேடுவோம். தேடறத நிறுத்தல. இந்தச் செவப்ப மட்டும் முடிச்சு வை."

சிவப்பை முடிப்பது என்றால், ஆள் கிடைத்துவிட்டான் என்று இந்த அறையிலிருந்து காப்புக்குச் சொல்வது. சகாயராணியின் கட்டைவிரலுக்குத்தான் அந்த உரிமை இருந்தது. முடித்ததும் காப்பில் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு, மின்சாரத்தைச் சேமிக்க, காப்பு பேசாது. கட்டியிருக்கிறவன் மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் உண்டு.

"ஒண்ணு சார்," என்றார் நெய்னா முகமது. "முடிச்சா பச்சை எரியும். பச்சை எரிஞ்சா மீட்க வர்றவன் உன்னப் பாத்துட்டான்னு அர்த்தம், மறைவுல இருக்காத, வெளிய வந்து கண்ணுல படற மாதிரி நில்லுன்னு குப்பம் குப்பமாப் போயி நான்தான் வகுப்பெடுத்திருக்கேன்."

"எரியட்டுமே. வயல்ல கெடக்குற காப்புக்காக யாரு வெளிய வரப்போறா?"

நெய்னா முகமது யோசித்தார். "யாரும் வர மாட்டாங்கதான்," என்றார்.

"முடிச்சிருங்கம்மா," என்றார் வைரக்கண்ணு. அவர் குரல் தணிந்திருந்தது. "அலையறான் புள்ள. அவன ஏன் செவுத்துல கட்டி வச்சு இழுக்கறீங்க? நாங்களும் கரையில உக்காந்திருக்கோம். ஊர்ல சோறு பொங்கி ரெண்டு நாளாச்சு."

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று டிகிரி என்றது புள்ளி. கட்டைவிரலை வைத்தாள். புள்ளி அணைந்தது. சிக்கலும் ஆழியூரும் வயலும் சுத்தமாகத் தெரிந்தன.

யாரோ டீ வாங்கிவரச் சொன்னார்கள். வாழைக்காய் பஜ்ஜியும் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் நிரோஷா திரும்பி வந்தாள். முழங்கால்வரை சேறு. முழங்கையிலும் சேறு. வயலில் மண்டி போட்டுத் தேடியிருக்கிறாள். உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தாள்.

"எங்க அவன்?"

தாசில்தார் சொன்னார். காப்பு விழுந்தது, வெயிலில் சூடேறியது, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

"வெயில் எங்க இருந்துச்சு?" என்றாள் நிரோஷா. "நாங்க போனப்பவே மேகம் மூடிருச்சு. காப்பும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. ஒரு சாண் விடாம தடவிட்டேன். வயக்காரன் பயிர மிதிக்கிறேன்னு கத்துறான்." அவள் சுவரோரமாக, தரையில் உட்கார்ந்தாள். முதன்முறையாக அழுதாள். அழுதபடியே திட்டினாள். "கடைசியாப் பேசினப்பவே நெனச்சேன். குடிச்சிட்டுத்தான் கெடக்கான்னு. உளறுனான்."

"என்ன உளறுனான்?" என்று சகாயராணி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"தூக்கம் வர மாட்டேங்குதுடின்னான். ஏன்டான்னேன். இங்க பொழுதே சாய மாட்டேங்குதுடி, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் வெயிலடிக்குதுன்னான். போடா குடிகாரப் பயலேன்னு வச்சுட்டேன்."

சகாயராணி கையில் இருந்த டீயைக் கீழே வைத்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, வரைபடத்தை மூடிவிட்டு, அதற்கு அடியில் இருந்த ஓடையைத் திறந்தாள். கம்பெனி அனுப்பியதை அப்படியே, அவள் திருத்துவதற்கு முன்னால் இருந்தபடி. தேசிங்கின் வரி. இரண்டு எண்கள்.

"சகாயம்," என்றார் தாசில்தார்.

"சார், பனி."

அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது. கரைநோக்கி தொடங்கின வருடம் பாதிப் புள்ளிகள் வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றன. ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண் வேண்டும், வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு. சில கம்பெனிகள் இதை முதலில் எழுதின, சில கம்பெனிகள் அதை முதலில் எழுதின, சில சொல்லாமலே இடையில் மாற்றியும் எழுதின. நாகப்பட்டினத்துக்கு வடக்கே பத்தே முக்கால், கிழக்கே எண்பதுக்குக் கொஞ்சம் குறைவு. மாற்றிப் படித்தால் வடக்கே எண்பது, கிழக்கே பத்தே முக்கால். நார்வேக்கும் வடக்கே, பனிமலையும் கல்லும் மட்டும் உள்ள ஒரு தீவுக்கூட்டத்தின் கரை. மாற்றி எழுதுவதை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள். அவை கேட்கவில்லை. கடைசியில் இதே அறையில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். பனியில் எந்தப் புள்ளி விழுந்தாலும் எண்களை இடம் மாற்றி நம் கரையில் போட்டுவிடு. நம் ஆள் அங்கே போக மாட்டான். "அங்க போயி என்ன பண்ணப் போறான், மீன் பொட்டிக்கு ஐஸ் வாங்கவா?" என்று நெய்னா முகமது அன்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சகாயராணி விதியை எழுதினாள். அந்த விதி நூற்றுக்கணக்கானவர்களைச் சரியான இடத்தில் காட்டிக் காப்பாற்றியிருக்கிறது. அதற்காக ஒரு கேடயம்கூட வந்தது.

"இவன் காப்பு ஒழுங்கா எழுதுற கம்பெனி சார். எண்ணு சரியாத்தான் வந்திருக்கு. அவன் நெசமாவே அங்கதான் இருக்கான். நம்ம விதி அவன இழுத்துட்டு வந்து இங்க போட்டிருச்சு."

"அப்ப அந்த ஓட்டம்?" என்றார் நெய்னா முகமது. "சைக்கிள்ல போனானே?"

"குடைய விரிச்சுப் பாருங்க. ஓரத்துல கம்பிக்கும் கம்பிக்கும் ஒரு முழம் இடைவெளி. உச்சியில எல்லாக் கம்பியும் ஒண்ணா நெருங்கிருது. பூமியில இருக்குற கோடும் அப்படித்தான். அவன் உச்சியில நிக்கறான். அங்க கிழக்கு மேற்கா ஒரு அடி வச்சா, எண்ணு இடம் மாறுனதால இங்க வடக்கு தெற்கா அஞ்சாறு அடி ஆயிரும். அவன் பறக்கல சார். கல்லுல நடந்திருக்கான், மனுஷ நடை."

"கடல்லேருந்து தவழ்ந்து வந்தது?"

"ஏதோ ரப்பர் படகுல மிதந்திருக்கான். ஒரு நாள் முழுக்க. அப்புறம் கரை ஏறி நடந்திருக்கான். அப்புறம்..." அவள் நிறுத்தினாள். நிரோஷா எழுந்து வந்து அவள் பின்னால் நின்றிருந்தாள்.

"அப்புறம் என்னக்கா?"

"அப்புறம் எங்கயோ நெருப்பு மூட்டியிருக்கான். அதான் சூடு ஏறிச்சு."

புருஷோத்தமன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபம். அவர் உடனே மேலிடத்தைக் கூப்பிட்டார், மேலிடம் டெல்லியைக் கூப்பிட்டது, டெல்லி நார்வேயைக் கூப்பிட்டது. எல்லாம் டீ ஆறுவதற்குள் நடந்தது. பனி உருகி வடக்கே கடல் திறந்த பிறகு அங்கே திருட்டுத்தனமாக இறால் வாரப் போகும் கப்பல்கள் உண்டு என்றும், அவை தங்கள் இருப்பிடத்தைக் காட்டும் கருவியையும் ஆட்கள் கையில் கட்டியிருப்பதையும் அணைத்துவிட்டுத்தான் போகும் என்றும், ஆள் விழுந்தாலும் யாருக்கும் சொல்லாது என்றும் அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். ஹெலிகாப்டர் தயார் என்றார்கள். மூடுபனி இறங்கியிருக்கிறது, விலகியதும் பறப்போம் என்றார்கள்.

சகாயராணி காப்பைத் திரும்ப எழுப்பப் பார்த்தாள். எழவில்லை. அது முடித்துவைக்கப்பட்ட காப்பு.

"அவன் மறுபடி அழுத்துனா வரும்," என்றாள்.

எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை வரைபடத்தை அவள் வடக்கே நகர்த்தி, தேசிங்கின் எண்களை மட்டும் இடம் மாறாமல் விழ விட்டிருந்தாள். வெள்ளையும் சாம்பலுமாக ஒரு தீவு. அந்தத் தீவில் எந்தப் புள்ளியும் எரியவில்லை. அவன் ஏன் அழுத்தப்போகிறான்? அவன் கையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

வைரக்கண்ணு வீட்டுக்குப் போகவில்லை. நெய்னா முகமது தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சகாயராணி அந்த விதியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். நாலே வரி. அழித்தால் முன்னூறு பேர் பனிக்குப் போவார்கள். அழிக்காவிட்டால் பனியில் இருக்கிற ஒருவன் ஊருக்கு வருவான், சமையலறைகள் வழியாக. அழிக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

மறுநாள் முற்பகலில் அழைப்பு வந்தது. மீட்புக் குழுவில் ஒரு பெண். இளம் குரல். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். அந்த அறையில் ஆங்கிலம் புரிந்தவர்கள் மூன்று பேர். நிரோஷாவிடம் சொல்ல வேண்டியவள் சகாயராணி என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

"கெடச்சுட்டானா?"

"கெடச்சுட்டான்."

சகாயராணி பொய்யான நம்பிக்கையை ஒரு கணம்கூட நிற்க விடவில்லை. "உசுரு இல்ல நிரோஷா," என்றாள், அதே மூச்சில்.

நிரோஷா அழவில்லை. "எங்க? தண்ணியிலயா?" என்றாள்.

"இல்ல. கரையில. ஒரு பாறை மேல உக்காந்த மாதிரி. துடுப்ப நட்டு வச்சு அதுல சட்டையக் கட்டியிருக்கான். தூரத்துலேர்ந்து பாத்தாத் தெரியணும்னு."

"சட்டையக் கழட்டிட்டா உக்காந்திருந்தான்? அந்தக் குளிர்லயா?"

"ஆமா."

நெய்னா முகமது எழுந்து ஜன்னலோரம் போய், வெளியே பார்த்து நின்றார்.

அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மேட்டில் ஒரு மரக்குடிசை இருக்கிறது, பழைய வேட்டைக்காரர்கள் போட்டது என்றாள். அடுப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். உள்ளே ஆள் இருந்திருக்கிறது. அதனால் தனக்கு ஒரு சந்தேகம் என்றாள். அடுப்புச் சாம்பல் தண்ணீர் ஊற்றி அணைக்கப்பட்டிருக்கிறது. கம்பளி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உயிருக்குப் போராடுகிற ஆள் இதையெல்லாம் செய்து தான் பார்த்ததில்லை. இவரோடு வேறு யாராவது இருந்தார்களா? நாங்கள் இன்னொருவரைத் தேட வேண்டுமா?

"என்ன கேக்குறா?" என்றாள் நிரோஷா.

சகாயராணி சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"வேற யாரும் இல்லன்னு சொல்லு," என்றாள் நிரோஷா. "அது அவந்தான். அடுத்தவங்க வீட்ட எடுத்தது எடுத்தபடி போட்டுட்டு வர மாட்டான். கல்யாண வீட்டுக்குப் போனாக்கூடப் பாய சுருட்டி வச்சுட்டுத்தான் கெளம்புவான். கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சுன்னு நெனச்சிருப்பான்."

சகாயராணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண், இப்போது புரிகிறது என்றாள், அவ்வளவுதான்.

மணிக்கட்டில் பச்சை எரிந்ததும் தேசிங்கு அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். கம்பளியை மடித்து வைத்திருக்கிறான். யாருடையது என்று தெரியாத அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கரைக்கு இறங்கியிருக்கிறான்.